பித்தக் குழாயில் உருண்டைப்புழு: நான்கு மாத ‘காஸ்’ வலி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 38 வயதுப் பெண். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், மலையடிவாரத்து ஊர். பெயரும் ஊர்ப்பெயரும் இங்கே வேண்டாம். கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன்னே இவரும் கூடப் போய், சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து வருவார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். வீட்டைச் சுற்றி மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) வாழையும், அடுக்களைப் பக்கம் கொஞ்சம் கீரையும் புதினாவும்.

எங்கள் மருத்துவமனைக்கு வரும்போது வலி தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், நெஞ்சாங்குழிக்கு வரும், அப்படியே முதுகு வழியாக வலது தோள்பட்டைக்கு ஏறும். வந்துவிட்டால் ஒரு மணி நேரம் நிமிர விடாது. ஒக்காளம், சத்தி (வாந்தி) எல்லாம் கூடவே வரும். அப்புறம் தானாக விட்டுவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரம் ஒன்றும் இருக்காது, தோட்டத்துக்குப் போவார், மரச்சீனி பிடுங்குவார், மறுபடியும் ஒரு ராத்திரி வலி வரும்.

கையில் ஒரு துணிக்கடைக் கவர் நிறையச் சீட்டுகள். முதல் இடத்தில் காஸ் என்று மாத்திரை. அடுத்த இடத்தில் அல்சராக இருக்கலாம் என்று எண்டோஸ்கோபி. இரைப்பையில் லேசான சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு இடத்தில் வயிற்று ஸ்கேன்: பித்தப்பையில் கொஞ்சம் கசடு, பித்தக் குழாய் சற்று விரிந்திருக்கிறது, கல் தெரியவில்லை. கல் ஒன்று வந்து இறங்கிப் போயிருக்கும், எதற்கும் பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று கடைசியில் பார்த்தவர்கள் சொல்லி, தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்காக மகளிர் குழுவில் லோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தேதிக்கு முன்பே வலி திரும்ப வந்ததால்தான் எங்களிடம் வந்தார்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பதை நெருங்கும் ஒரு பெண், வலது விலாவின் கீழ் விட்டு விட்டு வலி என்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் பித்தப்பைக் கல்தான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். அந்தச் சீட்டுகளில் ஒரு சோதனை மட்டும் எங்கேயும் இல்லை: மலப் பரிசோதனை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் இன்றும் எழுதுகிறோம். பெரியவர்களுக்கு எழுதும் வழக்கம் மெதுவாகப் போய்விட்டது.

சிஸ்டரிடம் சொன்னது

நான் கேட்டபோது காய்ச்சல், மஞ்சள், மாதவிடாய், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். மலத்தில் ஏதாவது போனதா என்றதற்கு ‘இல்ல சாரே’ என்று தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர் அதே ஊர்ப் பக்கத்துப் பெண். குளுக்கோஸ் மாற்றும்போது பேச்சோடு பேச்சாக, ‘அக்கா, சத்தியில பூச்சி கீச்சி வந்துதா?’ என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாராம்: ‘ஒரு நாக்குப்பூச்சி வந்துது பிள்ளே. போன மாசம். வாழ மூட்டுல மண்ண வெட்டி மூடிட்டேன். ஆருட்டயும் சொல்லல்ல.’

ஏன் சொல்லவில்லை என்றால், அது பிள்ளைகளுக்கு வரும் சமாச்சாரம். பெரியவர்களுக்கு வந்தால் வீடு சுத்தமில்லை என்று அர்த்தம். அவர் வீடு நன்றாகத் தேய்த்துக் கழுவிய, சிமெண்ட் தரை போட்ட வீடு. மாமியார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலை வேறு.

வாய் வழியாக ஒரு முழு நாக்குப்பூச்சி, அதாவது உருண்டைப்புழு, வந்தது என்பது ஒரு அறிகுறி மட்டுமல்ல, அதுவே பாதி நோயறிதல். மனிதக் குடலில் அந்த நீளத்தில் உருண்டையாக வேறு புழு கிடையாது. கீரிப்பூச்சி ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பதோடு சரி. கொக்கிப்புழுவும் அவ்வளவு சிறியதே, கண்ணில் படுவது அபூர்வம். நாடாப்புழு தட்டையாக, துண்டு துண்டாக வரும். உருண்டைப்புழுவில் பெண் 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் கொஞ்சம் குட்டை. இரண்டையும் எளிதாகப் பிரித்தறியலாம்: ஆணின் வால் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும்.

பரிசோதனைகள்

லேசான காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவு. வலது விலாவின் கீழ் அழுத்தினால் வலி, ஆனால் வயிறு இறுகவில்லை. ஹீமோகுளோபின் 10.2. வெள்ளையணுக்கள் 11,800, அதில் இயோசினோபில் 9 சதவீதம். பித்தம் தேங்குவதைக் காட்டும் மொத்த பிலிருபின் 2.1, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், இரண்டும் கூடுதல். கணையத்தைக் காட்டும் அமிலேஸ் இயல்பு. கணையத்துக்குள் சிக்கல் போகவில்லை என்பது அந்தக் கடைசி எண்ணின் நல்ல செய்தி.

இயோசினோபில் பற்றி ஒரு வார்த்தை. பூச்சி என்றால் அது எகிறியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. உருண்டைப்புழுவைப் பொறுத்தவரை, குஞ்சுப் புழு நுரையீரல் வழியாகப் பயணப்படும்போதுதான் அது நன்றாக ஏறும். வளர்ந்த புழு குடலில் செட்டில் ஆன பிறகு இயல்புக்கு அருகில் இறங்கிவிடலாம். 9 சதவீதம் இருந்ததால் சந்தேகம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். 4 ஆக இருந்திருந்தாலும் மலப் பரிசோதனை கேட்டிருப்பேன்.

மலத்தில் முட்டைகள் இருந்தன. பழுப்பு நிறம், மேலே மேடும் பள்ளமுமான தடித்த ஓடு. மலம் சுத்தமாக இருந்தால் புழுவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே இருப்பது ஆண் மட்டும் என்றால் முட்டை வராது, இன்னும் வளர்ந்து முடியாத புழுவென்றாலும் வராது.

அப்புறம் ஸ்கேன். விஷயம் தெரிந்த பிறகு பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல. ஸ்கேன் பார்க்கும் மருத்துவரிடம் சத்தியில் புழு வந்ததைச் சொன்னோம். அவர் பித்தக் குழாயை நீளவாக்கில் பிடித்து, அவசரப்படாமல் அங்கேயே நிறுத்தினார். குழாய் 9 மில்லிமீட்டர். உள்ளே இணையாக இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அந்த நடுக்கோடு புழுவின் குடல். கல்லாக இருந்தால் பின்னால் கறுப்பு நிழல் விழும். இங்கே நிழலே இல்லை. இரண்டு மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடுகள் மெல்ல வளைந்தன, பிறகு நேராயின. ‘டாக்டர், கல்லு இப்படி நெளியாது’ என்றார்.

முந்தைய ஸ்கேனில் இது தெரியாமல் போனது பார்த்தவரின் பிழை என்று நினைக்க வேண்டாம். புழு ஒரு இடத்தில் இருக்கும் ஜீவன் அல்ல. குழாய்க்குள் ஏறும், தானாகவே திரும்பக் குடலுக்கு இறங்கும். ஏறும்போது வலி, இறங்கினால் நிம்மதி. வலி விட்டு விட்டு வந்ததன் காரணமும் இதுவே. வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனில் விரிந்த குழாய் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

புழு அங்கே போன வழி

மலத்தோடு வெளியே வரும் முட்டை அந்த நிமிடமே யாருக்கும் நோய் தராது. அது மண்ணில் கிடந்து, உள்ளே குஞ்சு உருவாக ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஈரம், நிழல், மிதமான சூடு மூன்றும் இருந்தால் நன்றாக முதிரும். அதனால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பக்கத்தில் படுப்பதாலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. நடுவில் மண் இருந்தே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. மேற்கே ரப்பர் நிழலில் மண் காய்வதற்கு வாய்ப்பே குறைவு. நேரடி வெயிலும் வறட்சியும்தான் முட்டைக்கு எமன். நிழலான ஈர மண்ணில் அது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

முதிர்ந்த முட்டை வாய்க்குள் போனால் சிறுகுடலில் குஞ்சு வெளிவரும். அது அங்கேயே வளர்ந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாக இதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. பத்துப் பதினான்கு நாள் அங்கே வளர்ந்து, காற்றுப் பைகளைக் கிழித்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புறப்பட்ட அதே சிறுகுடலுக்குத் திரும்புகிறது. 1922இல் ஜப்பானில் கொய்னோ என்ற மருத்துவர் சுமார் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கி, பிறகு தன் சளியிலேயே குஞ்சுகளைக் கண்டு இந்தப் பயணத்தை நிரூபித்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது என்பது வேறு விஷயம்.

முட்டை விழுங்கிய நாளிலிருந்து பெண் புழு முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதன்பின் ஒரு நாளைக்கு 2 லட்சம் வரை இடும். ஆயுள் ஓரிரு வருடம். மனித உடலுக்குள் பெருகுவதில்லை. வயிற்றில் நான்கு புழு இருந்தால் நான்கு முதிர்ந்த முட்டைகளாவது வாய் வழியே போயிருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் எண்ணிக்கையால். நிறையப் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிச் சிறுகுடலை அடைத்துவிடும், வயிறு உப்பி அவசர அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். பெரியவர்களுக்கு எண்ணிக்கை முக்கியமல்ல. ஒரே ஒரு புழு, தவறான துளைக்குள் நுழைந்தால் போதும். பித்தநீர் சிறுகுடலில் வந்து விழும் வாய் புழு வாழும் இடத்திலிருந்து தூரமில்லை, துளைகளைத் தேடி நுழைவது அதன் சுபாவம். காய்ச்சல், மயக்க மருந்து போன்றவை அதைக் கிளப்பிவிடும். காஷ்மீரிலிருந்து வந்த பித்தக் குழாய்ப் புழு ஆய்வுகளில் நோயாளிகள் அதிகமும் வளர்ந்த பெண்களே. பித்தப்பை எடுத்தவர்களுக்கும், பித்தக் குழாய் வாயைக் கீறிப் பெரிதாக்கியவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல் என்பதும் தெரிந்த விஷயம். அதாவது இவருக்குக் குறித்திருந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால் புழு போயிருக்காது, அதற்கு வழி இன்னும் சுலபமாகியிருக்கும்.

சிகிச்சை

வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் குளுக்கோஸ், இழுப்பு வலிக்கு ஊசி, குழாயில் சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாட்டிக். இவ்வளவுதான் முதல் இரண்டு நாள். கணவருக்கு இதில் திருப்தியில்லை. ‘பூச்சின்னு தெரிஞ்சாச்சு, பெறவு மாத்திரை குடுக்க எதுக்கு சாரே தாமசம்?’ நியாயமான கேள்வி. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் குடலிலிருந்து ரத்தத்துக்குக் குறைவாகவே போகிறது, பித்தநீருக்குள் இருக்கும் புழுவுக்கு அது சரியாக எட்டாது. எட்டி அங்கேயே செத்துவிட்டால் அது இன்னும் மோசம். செத்த புழு தானாக இறங்காது, அழுகும், சீழ் பிடிக்கும், மிச்சம் மீதி கல் உருவாக வித்தாகும். உயிரோடு இருந்தால் தானே இறங்கி வர வாய்ப்பு நிறைய. இதில் எல்லா மருத்துவர்களும் ஒரே கருத்து இல்லை, உடனே கொடுப்பவர்களும் உண்டு. நான் வலி அடங்கும்வரை பொறுப்பவன்.

காய்ச்சல் ஏறினாலோ மஞ்சள் கூடினாலோ திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, எண்டோஸ்கோபி வழியாகப் புழுவைப் பிடித்து இழுக்கச் சொல்வது என்று முடிவு செய்து வைத்திருந்தோம். அப்படி எடுக்கும்போது குழாய் வாயைக் கீறாமல் எடுக்கும்படி கடிதத்தில் எழுதவும் இருந்தேன். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் ஸ்கேனில் குழாய் காலி, அளவும் குறைந்திருந்தது.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அன்று ராத்திரி அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைக் கொடுக்கக் கூடாது. பேதி மருந்து எதுவும் சேர்க்கவில்லை. பள்ளி விடுமுறையில் பாட்டிமார் விளக்கெண்ணெயைப் பிடித்து ஊற்றிய காலத்து நினைவில் சிலர் இன்றும் கேட்கிறார்கள். அந்த எண்ணெய்க்கு வயிற்றைக் கலக்கும் வேலை தெரியும், புழுவைக் கொல்லத் தெரியாது. இந்த மாத்திரை புழு சர்க்கரையை உறிஞ்சும் வழியை அடைத்துப் பட்டினி போட்டுக் கொல்கிறது, அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும்.

அடுத்த இரண்டு நாளில் நான்கு புழுக்கள் வெளியேறின, மூன்று பெண், ஒரு ஆண். சிஸ்டர் கிட்னி டிரேயில் எடுத்து வைத்திருந்தார். வெளிறிய இளஞ்சிவப்பு, இரு நுனியும் கூர்மை, மேல்தோல் வழவழவென்று மினுங்கியது. நோயாளி பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார்தான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது எங்க காலத்துல எல்லாருக்கும் உண்டும், இதுக்கா இந்தப் பாடு’ என்றார். மருமகள் மறைத்து வைத்த ரகசியம் அதோடு தீர்ந்தது.

மாமியார் சொன்னதில் உண்மை உண்டு. இந்தப் பகுதி 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை திருவிதாங்கூர் அரசோடு சேர்ந்து கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது என்றால், இந்த மண்ணின் புழுக்கதை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது செருப்பில்லாத காலைத் துளைத்து ஏறும் புழு, இது வாய் வழியே போகும் புழு. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்: மண்ணில் கலக்கும் மலம்.

வீட்டுப் பின்புறம்

‘பிள்ளையளுக்கு ஸ்கூல்ல மாத்திரை குடுக்காவ, எனக்கு மட்டும் எப்பிடி சாரே?’ என்று டிஸ்சார்ஜ் அன்று கேட்டார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் பதிலில் பாதி. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை தருகிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே பாதி, மேலே முழுசு. பிள்ளைகளின் மலப் பரிசோதனை இரண்டுமே சுத்தமாக இருந்தது. ஒரே வீடு, ஒரே அடுக்களை. மாத்திரை கிடைத்த இருவருக்கு இல்லை, கிடைக்காத தாய்க்கு இருக்கிறது. மாமியாருக்கும் முட்டை இருந்தது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இனிப்பு தின்றால் பூச்சி வரும், பல்லைக் கடித்தால் பூச்சி, முகத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சி. இந்த மூன்றையும் அவரும் சொன்னார். மூன்றுக்கும் உருண்டைப்புழுவோடு சம்பந்தமில்லை. சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

முந்தைய வருடம் கக்கூஸ் குழி நிரம்பியிருக்கிறது. லாரி உள்ளே வர வழியில்லை. ஆள் வைத்துக் கோரி எடுத்து, அந்தக் கழிவை வாழை மூட்டில் வெட்டி மூடினார்கள். நல்ல உரம் என்று பக்கத்து வீட்டுக்காரரும் கொஞ்சம் வாங்கித் தன் மரச்சீனிக்குப் போட்டார். வாழைக்கும் புதினாப் பாத்திக்கும் நடுவே நான்கடி இருக்கும், மழை பெய்தால் வாழைத் தடத்துத் தண்ணீர் பாத்திக்குள் இறங்கும். புதினாவைத் தண்ணீரில் ஒரு தரம் அலசிப் பச்சையாகத் துவையல் அரைப்பார்கள். மரச்சீனி பிடுங்குவதும் பாத்தி கொத்துவதும் இவரும் மாமியாரும்தான். நகத்திடுக்கு மண்ணோடு, கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கட்டன்சாயாவும் அவித்த கிழங்குமாகத் தோட்டத்திலேயே பசியாறுவார்கள். அவித்த கிழங்கில் பிரச்சினை இல்லை, கொதிக்கும் நீரில் முட்டை தாங்காது. அதைப் பிட்டுத் தின்னும் கையில்தான் பிரச்சினை.

‘பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாகுமா?’ என்றார் கணவர். ஆகாது. அந்த முட்டையின் ஓடு தடித்தது, கிணற்றுக்குப் போடும் அளவு குளோரினெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. புதினாப் பாத்தியை எடுத்து, வெயில் படும் முன்பக்கத்துக்குச் சாக்கில் மாற்றச் சொன்னோம். வாழைத் தடத்தைச் சுற்றி வரப்பு. அந்த மண்ணில் ஓரிரு வருடத்துக்குப் பச்சையாகத் தின்னும் எதையும் நடக் கூடாது. அடுத்த தடவை குழி நிரம்பினால் கோரி மூடும் வேலை வேண்டாம். இரண்டாவது குழி ஒன்று வெட்டி, பழையதை மூடி நீண்ட நாள் ஆறவிட வேண்டும். நகம் வெட்டுவதும் சோப்பும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் தோட்டத்தில் சோப்பு எங்கே இருக்கிறது? ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் பால் வாளியோடு போக வேண்டும் என்று பேசி வைத்தோம்.

வீட்டில் எல்லோருக்கும் அதே நாளில் மாத்திரை. அல்பெண்டசோல் நுரையீரலில் பயணத்திலிருக்கும் குஞ்சுகளைத் தொடாது என்பதால், மூன்று மாதம் கழித்து இவருக்கும் மாமியாருக்கும் இன்னொரு தடவை.

அந்த மூன்றாம் மாதம் வந்தபோது வலி திரும்பியிருக்கவில்லை. மலம் சுத்தம், பிலிருபின் இயல்பு, பித்தக் குழாய் 5 மில்லிமீட்டர், பித்தப்பையில் கசடும் இல்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம், குழு லோனை ரத்து செய்துவிட்டார். ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. உரம் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தோம். அங்கே ஒருவருக்கு முட்டை இருந்தது. கேட்டதற்கு, தனக்கு வாரத்துக்கு இரண்டு நாள் காஸ் தொல்லை உண்டு என்றும், அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.